கேபிளைச் செருகியதும் கணினிக்குள் நடப்பது: சாதனமும் டிரைவரும் சேரும் வழி, படிப்படியாக

நண்பர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் மின்னணுத் தராசு. அதிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள் பில் போடும் கணினிக்குப் போகிறது. துவரம்பருப்பைத் தராசில் வைத்தால் எடை தானாகவே பில்லில் ஏறும். வெள்ளையடிப்பதற்காகக் கழற்றிய சாமான்களைத் திரும்ப மாட்டிய அன்று எடை ஏறவில்லை. “டிரைவர் போயிருக்கும்” (சாதனத்தோடு பேச இயங்குதளம் பயன்படுத்தும் நிரல்தான் டிரைவர்) என்று யாரோ சொல்ல, இணையத்தில் முதலில் தென்பட்ட இலவச டிரைவர் தொகுப்பு ஒன்றை இறக்கிப் போட்டிருக்கிறார். எடை அப்போதும் வரவில்லை. உலாவியைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்டியது. அதற்கப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

கேபிளைச் செருகும் நொடிக்கும் எடை திரையில் தெரியும் நொடிக்கும் நடுவே ஆறு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். சாதனம் இருப்பது தெரிய வேண்டும். அது தன் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குரிய டிரைவரைப் பட்டியலில் தேட வேண்டும். டிரைவரை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். டிரைவர் சாதனத்தைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைசியாக மென்பொருள்கள் கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஆறில் எது நின்றாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: “வேலை செய்யவில்லை.” எது நின்றது என்று பார்க்காமல் டிரைவரை மாற்றிக்கொண்டே இருந்தால் நேரம்தான் போகும். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பதற்கே இந்த வழிகாட்டி. நண்பர் கடையில் இருந்த அதே வகைக் கேபிளை வைத்தே ஆறு படிகளையும் பார்க்கலாம். அதற்குள் இருப்பது, யுஎஸ்பி-யைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றித் தரும் சிஎச்340 என்ற சிப். சீனாவின் நான்ஜிங் நகரத்து நிறுவனம் தயாரிப்பது. விலை மலிவு என்பதால் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் நகல்கள் உட்பட பல இடங்களில் இதைப் பார்க்கலாம்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய ஓர் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எண் இல்லாத காலம்

1990-களின் தொடக்கத்தில் பெரும்பாலான தனிக் கணினிகளில் ஐஎஸ்ஏ வகை அட்டைகள்தான். அட்டையைச் செருகினால் அது தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை என்றால் முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, டிஎம்ஏ 1 என்று அட்டையின் மேலிருக்கும் சின்னஞ்சிறு ஜம்பர்களை நாமே மாற்றிப் பொருத்தி, அதே எண்களை டாஸின் தொடக்கக் கோப்பிலும் நாமே எழுத வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணில் உட்கார்ந்துவிட்டால் இரண்டுமே மக்கர் செய்யும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் தாமாகவே தேடிப் பார்த்தன. ஒரு முகவரிக்கு எதையாவது அனுப்பி, நெட்வொர்க் அட்டையைப் போலப் பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த முகவரியில் வேறு ஏதாவது அட்டை இருந்துவிட்டால் கணினியே உறைந்து நின்றுவிடும்.

1992-ல் வந்த பிசிஐ என்ற அட்டை இணைப்பு முறை இதை மாற்றியது. ஒவ்வொரு பிசிஐ சாதனத்திலும் 256 பைட் அளவுக்கு ஒரு அடையாளப் பகுதி இருக்கும். அதன் முதல் இரண்டு பைட் தயாரிப்பாளர் எண், அடுத்த இரண்டு பைட் சாதன எண். கணினி ஒவ்வோர் இடமாகப் போய் அந்த நான்கு பைட்டைப் படிக்கும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் அங்கே யாரும் இல்லை என்று பொருள். தயாரிப்பாளர் எண்ணைப் பிசிஐ-யின் பொறுப்பாளர் குழு வழங்குகிறது. இன்டெல்லின் எண் 8086. 1978-ல் வெளிவந்த அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயரே அது. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ -என்என் என்று தட்டினால் உங்கள் கணினியிலும் அந்த எண் அநேகமாகப் பலமுறை கண்ணில் படும். யுஎஸ்பி-யும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

முதல் படி: ஏதோ செருகியிருக்கிறார்கள்

யுஎஸ்பி-யில் தரவுக்கு இரண்டு கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் மின்னழுத்தம் தாழ்ந்தே இருக்கும். சாதனத்துக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று, இரண்டில் ஒரு கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும். நம் கேபிளைப் போன்ற முழுவேகச் சாதனம் நேர்க்கம்பியை இழுக்கும். மெதுவேகச் சாதனம் எதிர்க்கம்பியை இழுக்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்பதும், எந்த வேகத்தில் பேசுவார்கள் என்பதும் அந்த ஒரு மின்தடையாலேயே தெரிந்துவிடுகிறது.

லினக்ஸில் சூடோ டிமெசெஜ் -டபிள்யூ (டிமெசெஜ் என்பது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து) என்று தட்டி, அந்தத் திரையைத் திறந்து வைத்தபடியே கேபிளைச் செருகுங்கள். புதிய முழுவேகச் சாதனம் என்று ஒரு வரி உடனே வர வேண்டும். விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகினால் பட்டியல் ஒருமுறை துள்ளி, புதிதாக வரைந்துகொள்ளும்.

வரியும் வரவில்லை, துள்ளலும் இல்லை என்றால் எந்த டிரைவரும் உதவாது. கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பிகளே இருக்காது. அப்படிப்பட்ட கேபிளை வைத்துக்கொண்டு பலர் நாள் முழுக்க டிரைவர் தேடியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: 18 பைட்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புதிதாக வந்த சாதனத்துக்கு இன்னும் முகவரி கிடையாது. எல்லோரும் முதலில் 0 என்ற முகவரியில்தான் பேசுவார்கள். கணினி அந்தத் துளையை ஒருமுறை ரீசெட் செய்து, 1-லிருந்து 127-க்குள் ஒரு முகவரி கொடுத்து, பிறகு அதன் அடையாள அட்டையைக் கேட்கும். அந்த அட்டை சரியாக 18 பைட். அதில் 9, 10-ஆம் பைட்டுகள் தயாரிப்பாளர் எண். 11, 12-ஆம் பைட்டுகள் பொருள் எண். சிஎச்340 கேபிளில் அவை 1ஏ86, 7523. பதினாறடிமான முறை என்பதால் இடையில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள் வரும், குழம்ப வேண்டாம். 13, 14-ல் பதிப்பு எண். 17-ஆம் பைட், தனித்த வரிசை எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடம். சிஎச்340-ல் அது பூஜ்யம். அதாவது இந்தச் சிப்புக்குத் தனி வரிசை எண்ணே கிடையாது. ஒரே கடையில் பத்துக் கேபிள் வாங்கினாலும் பத்தும் ஒரே மாதிரிதான் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும். இந்தப் பூஜ்யத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

18 பைட்டோடு முடிவதில்லை. சாதனத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும், யுஎஸ்பி மொழியில் இன்டர்ஃபேஸ் என்கிறார்கள், ஒரு வகுப்பு எண் உண்டு. விசைப்பலகை, மவுஸ் வகுப்பு 03, பென்டிரைவ் 08, ஹப் 09. எந்த நிறுவனத்துப் பென்டிரைவாக இருந்தாலும் டிரைவர் கேட்காமல் வேலை செய்வதற்குக் காரணம் இந்த 08-தான். “நான் எந்த நிறுவனத்துப் பொருள் என்பது முக்கியமில்லை, சேமிப்புச் சாதனங்கள் பேசும் பொதுமொழியைப் பேசுவேன்” என்கிறது அது. பிசிஐ-யிலும் இப்படித்தான்: 010802 என்று வகுப்பு சொன்னால் அது என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி வட்டு, யார் செய்தது என்று பார்க்காமலே பொது டிரைவர் ஏற்றுக்கொள்ளும்.

சிஎச்340 தன் வகுப்பை 255 என்கிறது. “என் மொழி எனக்கு மட்டுமே தெரியும்” என்று பொருள். அதனால்தான் இதற்கு எண் பார்த்துப் பொருத்திய தனி டிரைவர் வேண்டும்.

ஒரே பொருளுக்குள் பல இன்டர்ஃபேஸ் இருக்கலாம். மைக் உள்ள வெப்கேமில் படத்துக்கு ஒன்று, ஒலிக்கு வேறொன்று. லினக்ஸ் இரண்டுக்கும் தனித்தனி டிரைவர்களைச் சேர்க்கும். படம் வருகிறது, ஒலி மட்டும் வரவில்லை என்ற புகார் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பார்ப்பது எப்படி? லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி என்பதையடுத்து தயாரிப்பாளர் எண், பிஐடி என்பதையடுத்து பொருள் எண்.

அங்கே விஐடி 0000, பிஐடி 0002 என்று இருந்தால், அது எந்தச் சாதனத்தின் எண்ணும் இல்லை. அடையாள அட்டையைப் படிக்கவே முடியவில்லை என்பதை விண்டோஸ் இப்படிக் குறித்து வைக்கிறது. கூடவே பிழை எண் 43 இருக்கும். இந்த எண்ணைக் கூகுளில் போட்டு டிரைவர் தேடாதீர்கள். கேபிள், துளை, மின்சாரம், அல்லது சாதனமே பழுது.

எண் என்பது சாதனம் தானே சொல்லிக்கொள்வது, யாரும் சரிபார்ப்பதில்லை. இதன் விளைவு 2014-ல் தெரிந்தது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சீரியல் சிப்புகளைப் போலிகள் நகலெடுத்து, அதே 0403, 6001 எண்களைச் சொல்லிக்கொண்டு சந்தையில் இருந்தன. அந்த ஆண்டு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி என்று கண்ட சிப்புகளுக்குள்ளேயே எழுதி, பொருள் எண்ணை 0000 ஆக்கியது. அதன்பின் அந்தச் சாதனங்களை எந்தக் கணினியில் செருகினாலும் டிரைவர் கிடைக்கவில்லை. பொருளை வாங்கியவருக்கு உள்ளே போலி சிப் இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அப்டேட் விலக்கப்பட்டது. லினக்ஸ் பக்கம் தன் டிரைவர் பட்டியலில் அந்த 0000 எண்ணையும் சேர்த்துக்கொண்டது. முடங்கிய சாதனங்களுக்கு உயிர் கொடுத்த அந்த ஒரு வரி எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது.

மூன்றாம் படி: பட்டியலில் தேடுவது

எண் கிடைத்துவிட்டது. இனி அதற்குரிய டிரைவர் யார்?

லினக்ஸில் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைத் தன்னோடே வைத்திருக்கிறது. நம் கேபிளுக்குரிய டிரைவரின் பெயர் சிஎச்341. அதன் பட்டியலில் 1ஏ86:7523 மட்டுமல்ல, 1ஏ86:5523, 4348:5523 எனப் பல ஜோடிகள் உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னலை நிறுவும்போது டெப்மாட் என்ற கருவி எல்லா டிரைவர்களின் பட்டியல்களையும் திரட்டி, மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது. ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணினிக்கு எத்தனை ஆயிரம் சாதனங்களைத் தெரியும் என்பது வரிவரியாக அங்கே இருக்கும்.

சாதனம் வந்ததும் கெர்னல் அதன் எண்களையும் வகுப்புகளையும் கோத்து ஒரு நீளமான சொல்லாக அறிவிக்கும். அதற்கு மோடலியாஸ் என்று பெயர். யுஎஸ்பி என்று தொடங்கி, வி எழுத்துக்குப் பின் 1ஏ86, பி எழுத்துக்குப் பின் 7523, பிறகு பதிப்பு, வகுப்பு என்று போகும். சாதனங்களின் வருகையைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரல் அந்தச் சொல்லைக் கேட்டதும், மாட்யூல்ஸ்.அலியாஸில் அதனுடன் ஒத்துப்போகும் வரியைத் தேடச் சொல்லும். அந்த வரியில் தேவையில்லாத இடங்களில் எல்லாம் நட்சத்திரக் குறி இருக்கும், ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்று பொருள். சிஎச்341 வரியில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் மட்டும் திட்டமாக இருக்கும், மற்றதெல்லாம் நட்சத்திரம். பென்டிரைவுக்கான வரியில் இது தலைகீழ்: எண்கள் நட்சத்திரம், வகுப்பு மட்டும் திட்டம்.

உங்கள் கெர்னலுக்கு ஒரு சாதனத்தைத் தெரியுமா என்று சோதிக்க, மோட்ப்ரோப் கட்டளையோடு -ஆர் சேர்த்து (இந்த ஆர் மட்டும் பெரிய எழுத்து), அந்த மோடலியாஸ் சொல்லைக் கொடுங்கள். டிரைவர் பெயர் திரும்பி வந்தால் இந்தப் படி சரி. எதுவும் வராவிட்டால் உங்கள் கெர்னல் அந்தச் சாதனத்தைவிட வயதானது என்று பொருள். புதிய மடிக்கணினியில் பழைய லினக்ஸைப் போட்டு வைஃபை வராமல் தவிப்பவர்களில் பலர் நிற்கும் இடம் இது. புதிய கெர்னல் போட்டால் போதும்.

விண்டோஸ் இதையே வேறுவிதமாகச் செய்கிறது. சாதனத்துக்கு ஓர் அடையாளம் மட்டும் போதாது, துல்லியமானதிலிருந்து பொதுவானதுவரை ஒரு வரிசையையே தயார் செய்யும். நம் கேபிளுக்கு முதலில் எண்களோடு பதிப்பும் சேர்ந்தது, அடுத்து எண்கள் மட்டும், அதன் கீழே வகுப்பு மட்டும். டிரைவர் பக்கத்தில் ஐஎன்எஃப் என்ற உரைக்கோப்பு, “இந்த இந்த அடையாளங்களுக்கு நான்” என்று சொல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் கை தூக்கினால் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். இங்கே குறைந்த எண் வாங்கியவரே வெற்றி. முதலில் கையொப்பம் (டிரைவர் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) பார்க்கப்படும், பிறகு எவ்வளவு துல்லியமான அடையாளத்தில் பொருந்தியது என்பது. இவை சமமாக இருந்தால் மட்டுமே தேதியும் பதிப்பும். ‘புதிய தேதி டிரைவரைக் கொடுத்தேன், விண்டோஸ் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்: பழையது இன்னும் துல்லியமான அடையாளத்தில் பொருந்தியிருக்கும். யார் யார் போட்டியிட்டார்கள், யார் வென்றார்கள் என்பதை விண்டோஸ் அடைவில் உள்ள ஐஎன்எஃப் அடைவில் செட்டப்ஏபிஐ.டெவ்.லாக் என்ற கோப்பு ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறது.

டிரைவரே கிடைக்காவிட்டால் மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 28-ம். இந்த ஓர் இடத்தில்தான் டிரைவர் தேடுவது சரியான மருந்து. தேடுவதும் எண்ணை வைத்துத்தான்: விஐடி, பிஐடி சொல்லை அப்படியே நகலெடுத்து, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தின் தேடல் பெட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் மடிக்கணினி அல்லது சிப் தயாரிப்பாளரின் தளம். ‘எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்’ என்று அழைக்கும் மூன்றாம் தரப்புத் தொகுப்புகள் வேண்டவே வேண்டாம். கெர்னலுக்குள் ஓடப்போகும் நிரலை முகம் தெரியாதவரிடமிருந்து வாங்கக் கூடாது.

மேக்கில் டிரைவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஐஓகிட் என்ற பகுதி மூன்று சுற்று வைக்கிறது: வகையால் வடிகட்டல், பண்புகளால் வடிகட்டல், மிஞ்சியவர்களைச் சாதனத்திடமே அனுப்பிச் சோதித்து மதிப்பெண் போடுதல். அங்கே அதிக மதிப்பெண் பெற்றவர் வெல்வார்.

எண் சொல்லத் தெரியாத சாதனங்கள்

கைபேசி, ராஸ்பெர்ரி பை போன்றவற்றின் உள்ளே இருக்கும் வெப்ப உணரிகள், ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக இணைந்த சில்லுகள் பலவற்றுக்கும் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் வழியே கிடையாது. அவற்றைப் பொறுத்தவரை இன்றும் ஐஎஸ்ஏ காலம்தான். ஒரே மாற்றம், எங்கே என்ன இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் பலகையைச் செய்தவரே எழுதித் தந்துவிடுகிறார். ஒவ்வொரு சாதனத்துக்கும் அதில் ‘கம்பேட்டிபிள்’ என்று ஒரு வரி: தயாரிப்பாளர் பெயர், காற்புள்ளி, மாதிரிப் பெயர். துல்லியமான பெயர் முதலில், பொதுவான பெயர் அடுத்து. டிரைவர் இந்தப் பெயரை வைத்துப் பொருந்திக்கொள்ளும்.

சாதாரண மடிக்கணினிகளில் இதே வேலையைக் கணினியிலேயே பதிந்து வரும் ஏசிபிஐ என்ற அட்டவணை செய்கிறது. பிஎன்பி0303 என்றால் பழைய பாணி விசைப்பலகை, பிஎன்பி0501 என்றால் சீரியல் போர்ட்.

நான்காம் படி: ஏற்றுவது

டிரைவர் யார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே விடலாமா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து, செக்யூர் பூட் (தொடங்கும்போதே நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) இயங்கும் கணினிகளில் புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழியாகப் பெற்ற கையொப்பம் வேண்டும். இல்லையென்றால் பிழை எண் 52. லினக்ஸிலும் செக்யூர் பூட் இயங்கும்போது கையொப்பம் இல்லாத மாட்யூலை, அதாவது டிரைவர் கோப்பை, கெர்னல் திருப்பி அனுப்பலாம். வெளியிலிருந்து கட்டிய டிரைவர்கள் (என்விடியா, சில வைஃபை அட்டைகள்) கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், அது தவறிய நாளில் அப்டேட்டுக்கு மறுநாள் வைஃபை காணாமல் போகும். எட்சி அடைவின் மோட்ப்ரோப்.டி-யில் யாராவது அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வட்டின் டிரைவருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். டிரைவர் இருப்பது வட்டில். வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும். அதனால் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறும் சிறு தொகுப்பில் அதை வைத்துவிடுவார்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான சில மடிக்கணினிகளில் விண்டோஸ் நிறுவும்போது ‘வட்டு எதுவும் இல்லை’ என்று வருவது இந்த வகைதான். விஎம்டி என்ற அமைப்பு என்விஎம்ஈ வட்டைத் தனக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. நிறுவும் பென்டிரைவில் அதற்கான டிரைவர் இல்லை. இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் வட்டு தெரியும்.

ஐந்தாம் படி: டிரைவரின் சம்மதம்

எண் பொருந்தியதாலேயே காரியம் முடிந்துவிடாது. டிரைவரின் ப்ரோப் என்ற பகுதி இயங்கி, சாதனத்தோடு பேசிப் பார்த்து, சரி என்றோ முடியாது என்றோ சொல்லும். சரி என்றால்தான் இருவரும் கட்டுண்டதாகக் கணக்கு. லினக்ஸில் விண்டோஸ் போல மதிப்பெண் போட்டி கிடையாது. பொருந்தி, சம்மதமும் சொன்ன முதல் டிரைவருக்கே சாதனம். ‘எனக்கு வேண்டிய மின்வழங்கி இன்னும் தயாராகவில்லை, பிறகு கூப்பிடு’ என்று டிரைவர் தள்ளிப்போடவும் வழி உண்டு.

எல்எஸ்யுஎஸ்பி -டி (ட்ரீ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) என்று தட்டுங்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் எதிரே டிரைவர் பெயர் இருக்கும். நம் கேபிளுக்கு சிஎச்341 என்று இருந்தால் ஐந்து படியும் தாண்டியாயிற்று. பிசிஐ சாதனங்களுக்கு எல்எஸ்பிசிஐ -கே. டிரைவர் பெயர் இருந்தும் வைஃபை வரவில்லை என்றால், டிமெசெஜில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். பல அட்டைகளுக்கு டிரைவர் தவிர, அட்டைக்குள்ளேயே ஓட வேண்டிய நிரல் ஒன்றையும் கணினிதான் ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு இல்லாததால் நின்ற நிறுவல்கள் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஏராளம். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகளை நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

விண்டோஸில் இந்தப் படி தவறினால் பெரும்பாலும் பிழை எண் 10.

இந்தக் கேபிளுக்கென்றே ஒரு விசேஷமான சிக்கல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பில் வந்தது. கேபிளைச் செருகினால் டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர் வரும், அடுத்த நொடியே மறைந்துவிடும். டிமெசெஜில் பிரெல்டிடிஒய் என்ற பெயர் தெரியும். பார்வையற்றவர்கள் விரலால் படிக்கும் பிரெய்ல் திரையை இயக்கும் மென்பொருள் அது. சில பிரெய்ல் திரைகளுக்குள்ளும் இதே சிஎச்340 சிப்தான். எண்ணும் அதே 1ஏ86:7523. எண்ணைப் பார்த்த பிரெல்டிடிஒய், தன் திரை வந்துவிட்டது என்று நம்பிக் கைப்பற்றிக்கொள்கிறது. எண் சொல்வது சிப் எது என்பதை மட்டுமே. அந்தச் சிப்புக்குப் பின்னால் தராசு இருக்கிறதா, பிரெய்ல் திரை இருக்கிறதா என்பது எண்ணுக்குத் தெரியாது.

இணையத்தில் எங்கே கேட்டாலும் அந்த மென்பொருளை நீக்கிவிடு என்பார்கள். உங்கள் சொந்தக் கணினி என்றால் நீக்கலாம். பள்ளிக்கூடம், நூலகம் போலப் பலர் பயன்படுத்தும் கணினியில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பார்வையற்ற ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குத் திரையே அதுதான். யுடெவ் விதிக் கோப்பில் பிரெல்டிடிஒய்க்கான விதியில் இந்த ஓர் எண்ணுக்குரிய வரியை மட்டும் முன்னால் # போட்டு நிறுத்தினால் போதும். வேறு எண் சொல்லும் பிரெய்ல் திரைகள் வழக்கம்போல இயங்கும்.

ஆறாம் படி: பெயர்

கடைசியாக, மென்பொருள்கள் கூப்பிட ஒரு பெயர். லினக்ஸில் டெவ் அடைவில் டிடிஒய்யுஎஸ்பி0, அடுத்து வருவது 1. வந்த வரிசைதான் எண். இரண்டு கேபிள் இருந்தால் கணினியை அணைத்துப் போடும்போது இடம் மாறலாம். டெவ் அடைவின் சீரியல் அடைவுக்குள் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு அடைவுகள் இருக்கும். வரிசை எண் உள்ள சிப்புக்குப் பை-ஐடி நல்லது. சிஎச்340-க்கு அது பயன்படாது, இரண்டு கேபிளும் அங்கே ஒரே பெயருக்குப் போட்டியிடும். எந்தத் துளை என்பதை வைத்துப் பெயர் தரும் பை-பாத்தைப் பயன்படுத்துங்கள். திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அது டிரைவர் கோளாறே இல்லை.

விண்டோஸில் காம்3, காம்4 என்று பெயர்கள். இங்கேதான் அந்தப் பதினேழாம் பைட் வருகிறது. சாதனம் தன் வரிசை எண்ணைச் சொன்னால், எந்தத் துளையில் செருகினாலும் விண்டோஸ் அதைப் பழைய ஆளாக அடையாளம் கண்டு பழைய காம் எண்ணையே கொடுக்கும். வரிசை எண் இல்லாத சாதனத்துக்கு, செருகிய துளையே அடையாளம். துளை மாறினால் விண்டோஸுக்கு அது புத்தம் புதிய சாதனம். புதிய காம் எண் போட்டுவிடும்.

நண்பர் கடையில் நான் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோது மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லை. சிஎச்340 அழகாக உட்கார்ந்திருந்தது, அடைப்புக்குறிக்குள் காம்7. பில் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் காம்3 என்று இருந்தது. வெள்ளையடித்த பிறகு கேபிள் வேறு துளைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் முதல் நாளிலிருந்தே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

மென்பொருளில் எண்ணை 7 என்று மாற்றலாம். ஆனால் அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் இருந்தது, தெரிந்தவர் ஊரில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் போய் 7-ஐ 3 ஆக்கலாம். ‘இந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று வரும், பழைய துளைக்காக ஒதுக்கி வைத்தது அது. ‘வியூ’வில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் வெளிறிய எழுத்தில் அந்தப் பழைய பதிவு தெரியும், அதை நீக்கிவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும்விட எளிய வழி ஒன்று இருந்தது. கணினியின் பின்பக்கம் நான்கு துளைகள். முதலில் அந்த இலவச டிரைவர் தொகுப்பையும் அதனோடு வந்தவற்றையும் நீக்கினேன். பிறகு கேபிளை ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகிப் பார்த்தோம். மூன்றாவதில் காம்3 வந்தது. தராசில் வைத்திருந்த அரைக் கிலோ வெல்லம் பில்லில் 0.500 என்று ஏறியது. நண்பர் ஒரு துண்டு செல்லோடேப் கிழித்து, அந்தத் துளைக்கு மேலே ஒட்டி, பேனாவால் ‘தராசு’ என்று எழுதினார்.